கடப்பைத் திறந்தவன்

கிளிநொச்சி,
16.02.2025

அன்புள்ள விமலேஸ்வரிக்கு,

நானும் தேனுகாவும் இங்கு நலம். நீரும் சாரங்காவும் மருமகனும் புதிதாக வந்த சின்னவளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். ஊருக்கு வந்திருந்த பிரியந்தினி வியாழக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பிள்ளைக்கு வசம்பும் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பொதிக்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

கையில் போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர். போனில் கதைத்தால் பக்கத்தில் சாரங்கா இருப்பாள், பிள்ளை அழும், நான் விசயத்துக்கு வரும் நேரம் பார்த்து "அடுப்பில கறி கிடக்கு" என்று நீர் வைத்துவிடுவீர். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் மடித்து வைத்தாலும் பிறகு எடுத்து வாசிப்பீர். நாற்பது வருடமாக உம்மை அறிந்தவன் என்ற துணிவில் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்திகள். காலபோக அறுவடை முடிந்தது. வெட்டு மிசின் வருவதற்குள் இரண்டு மழை பெய்து என்னை ஒரு கலக்குக் கலக்கியது, ஆனாலும் நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. உம்முடைய கறிவேப்பிலை மரம் தழைத்திருக்கிறது. சமையல் நான்தான். தேனுகா நேற்று சொதியைக் கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதில தேங்காய் எங்க எண்டு தேடுறன், நீங்கள் விடையைச் சொல்லாதேங்கோ" என்கிறாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்துக் கன நாள் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் எங்கள் ஊர் ராஜினி உமக்கு போன் எடுத்து, தங்கம்மாவின் மாடுகளை வெட்டிய கிருசாந்தன் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் எங்கள் தேனுகாவிடம்தான் கதைக்க வருகிறான் என்று சொல்லியிருக்கிறா. அன்று பின்னேரமே நீர் தேனுகாவை அழைத்து, "மாட்டின்ர காலை வெட்டினவனுக்கு முன்னால கதிரை போட்டு இருக்கிறதுக்கே உன்னைப் படிப்பிச்சனான்? தங்கம்மாவின்ர முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது?" என்று கேட்டீர். நான் கிணற்றடியில் நின்றேன், எனக்கே கேட்டது. அவள், "ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு நான் ஆருக்கும் சொல்லமாட்டன் அம்மா. உங்களுக்கும் சொல்லமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு நீங்கள் இருவரும் சின்னவளின் பால் கதை, குளிர் கதை தவிர வேறொன்றும் கதைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

உமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாவட்டக் காரியாலயத்தில் ஒரு வேலை இருக்கிறதாம். கூட்டங்கள் ஒழுங்குபடுத்துவது, அறிக்கை எழுதுவது. ஆட்களோடு இருந்து கதைக்கத் தேவையில்லை. இந்த மாத முடிவுக்குள் அதற்கு ஓம் என்று சொல்ல வேண்டும். போன கிழமை என்னிடம் வந்து, "அம்மாவின்ர மனம் நோக இந்த வேலையைச் செய்ய எனக்கு ஏலாது அப்பா. மாறிப்போகப் போறன்" என்று சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் உடனே உமக்கு எழுத நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்றுச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று எங்கள் இணக்கசபை பள்ளிக்கூட மண்டபத்தில் கூடியது. அது எப்படி நடக்கும் என்று உமக்குத் தெரியும். ஒரே மண்டபத்தில் நாலைந்து மேசை, ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிணக்கு, ஒரு மேசையில் கதைப்பது மற்ற மேசைக்குக் கேட்கும். கிருசாந்தன், தங்கம்மா விசயமும் நேற்றுத்தான் வந்தது. மாடுகளை வெட்டியதற்குப் பொலிஸ் வழக்கு தனியே நீதிமன்றத்தில் இருக்கிறது. நட்ட ஈட்டுப் பிணக்கு மட்டும் எங்களிடம் வந்தது. தங்கம்மா எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவா என்பதால் நான் அந்த மேசையில் இருக்கமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டேன். அடுத்த மேசையில் இருந்தேன். எனக்குரிய பிணக்குக்காரர் வரவில்லை. ஆகவே சும்மா இருந்தேன், கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கம்மா ஒரு பச்சைச் சேலையோடு வந்திருந்தா. உமக்கு நினைவிருக்கும், மாடுகள் வெட்டுப்பட்ட காலையில் நாம் இருவரும்தான் முதலில் ஓடினோம். சிவலை பின்னங்கால் நரம்பு அறுந்து எழும்ப முடியாமல் எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. நீர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர். அது மத்தியானம் செத்தது. கறுப்பி மட்டும் தப்பி, இன்றைக்கும் நொண்டுகிறது. மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து வந்து, புருசன் ஆண்டியப்பன் செத்த பிறகு அந்த மனிசி ஒற்றை ஆளாக நின்று பெருக்கிய பட்டி அது.

கிருசாந்தன் மற்றக் கரையில் இருந்தான். அவன் மனைவி சுரேகாவும் வந்திருந்தாள், ஆனால் அவனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு கதிரை தள்ளி இருந்தாள்.

எங்கள் தலைவர் நல்ல மனிசன், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சமாதானம் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். அவர் தொடங்கினார். கதிர் முற்றுகிற நேரம் கட்டாக்காலி மாடுகள் கிருசாந்தனின் வயலில் இறங்கியது பிழை, பட்டியின் தடிக் கடப்பை இரவில் கட்டாமல் விட்டது தங்கம்மாவின் கவனக்குறைவு, அதற்கு மாட்டை வெட்டியது அதைவிடப் பெரிய பிழை. இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது. பிறகு கிருசாந்தனைப் பார்த்து, "தம்பி, நீரும் சண்டைக்குள்ள வளர்ந்த பிள்ளை. கண்ணால காணாததெல்லாம் கண்டனீர். உந்த மனக்காயம் ஒரு கோபத்தில வெளிய வந்திட்டுது. எங்களுக்கு அது விளங்கும்" என்று சொன்னார்.

இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்தால் நாங்களும் வகுப்பில் இப்படித்தான் கை கொடுக்க வைப்போம். நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன். விடையை மட்டும் எழுதிச் செய்கையை எழுதாத தாளுக்கு நான் புள்ளி போடுவதில்லை என்று பிள்ளைகள் என்னைத் திட்டுவார்கள். நேற்று அந்த மண்டபத்தில் எல்லோரும் சமாதானம் என்ற விடையை எழுதிவிட்டுப் பேனையை மூடப் பார்த்தோம். செய்கை இல்லை. எனக்கும் அது அப்போது தெரியவில்லை, நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது கிருசாந்தன் எழும்பி நின்றான். "ஐயா, அதை இதோட சேர்க்காதேங்கோ" என்று சொன்னான். தலைவர் இருக்கச் சொன்னார். அவன் இருக்கவில்லை.

"சண்டை காலம் எனக்கு என்ன செய்ததெண்டு எனக்குத் தெரியும். அதை நான் வேற இடத்தில கதைக்கிறன். ஆனா எனக்கு அண்டைக்குக் கோபம் வரேல்லை. கடப்பு கட்டித்தான் கிடந்தது. தடிகளைக் கழட்டி விட்டது நான். மாடு உள்ளுக்க வரட்டும் எண்டு காத்திருந்தனான். வெட்டினா ஆரும் என்னைக் குறை சொல்லாயினம் எண்டு எனக்குத் தெரியும். தோட்டக்காட்டுச் சனம் எங்களுக்கு மேலால வருகுதெண்டு எனக்குப் பொறுக்கேல்லை. வெட்டேக்க எனக்குச் சந்தோசமா இருந்தது."

மற்ற மேசைக்காரரும் கதிரையைத் திருப்பினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "தம்பி, உதெல்லாம் இப்ப ஏன்?" என்று கேட்டார். அவன், "நான் ஆஸ்பத்திரியில கதைக்கப் போறனான். அங்க ஒவ்வொரு முறையும் மாடு வந்த இடத்தில இருந்துதான் கதையைத் தொடங்கிறனான். அந்தப் பிள்ளை, அதுக்கு முதல் என்ன நடந்தது, அதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். என்னை ஏசாது, பாவம் எண்டும் சொல்லாது. ரெண்டில ஒண்டு சொல்லியிருந்தா நான் தப்பியிருப்பன்" என்று சொன்னான்.

விமலேஸ்வரி, அவன் பெயர் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என்று மட்டும்தான் சொன்னான். நான் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாரங்கா பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட நாளிலும் எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை.

போன வருடம் ஒரு நாள், இந்தக் கதையொன்றும் எங்கள் காதுக்கு வருவதற்கு முன், நான் தேனுகாவிடம் பொதுவாகக் கேட்டேன், ஒரு கெட்டவன் வந்து உனக்கு முன்னால் இருந்தால் என்ன செய்வாய் என்று. "முதல்ல பயப்படுவன். கதிரையைக் கதவுப் பக்கமா இழுத்துப் போடுவன்" என்று சொன்னாள். பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். இல்லையாம், அதையும் படிப்பித்துத்தான் அனுப்புகிறார்களாம். கொடுமை என்று ஒன்று இல்லை, எல்லாம் நோய்தான் என்று உங்கள் படிப்பு சொல்கிறதோ என்று கேட்டேன். "இருக்கு அப்பா. நோய் வருத்தமும் இருக்கு, கொடுமையும் இருக்கு. சில பேரிட்ட ரெண்டும் இருக்கு. ஒண்டைக் காட்டி மற்றதை மறைக்க விடக்கூடாது" என்று சொன்னாள். எல்லோரும் மாறுவார்களோ என்று கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினாள். இடையில் வராமல் நின்றுபோய், திரும்பவும் வீட்டில் அடித்து உடைத்தவர்கள் இருக்கிறார்களாம். அவர்களை நினைத்தால் நித்திரை வராதாம். ஒவ்வொரு கிழமையும் தனக்கு மேலுள்ள டொக்டரிடம் போய் இருந்து, தன் மனதில் ஏறியதை இறக்கி வைத்துவிட்டு வருகிறாளாம். சில பின்னேரங்களில் அவள் வேலையால் வந்து ஒன்றும் கதையாமல் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது ஏனென்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் வயலில் பன்றிநெல் வந்த வருடத்தை நினைத்துப் பாரும். கதிர் தள்ளும்வரை அதற்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. மருந்தடித்தால் நெல்லும் சாகும், ஏனென்றால் அதுவும் நெல்லினம்தான். பேசாமல் விட்டால் எங்கள் நெல் முற்ற முன்னமே அது உதிர்ந்து மண்ணில் கிடந்து அடுத்த போகத்துக்கும் எழும்பும். சேற்றில் இறங்கி, குனிந்து நின்று, இது அது என்று இனங்கண்டு கையால் பிடுங்க வேண்டும். நீர்தான் பிடுங்கினீர், நான் வரம்பில் நின்று யோசனை சொன்னேன். உம்முடைய மகள் செய்வதும் அந்த வேலைதான். கிருசாந்தனின் வாயில் வந்த அந்தத் தோட்டக்காட்டுச் சொல் அவன் வயலில் மட்டும் முளைத்தது அல்ல. எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணப் பந்தலில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம், கேட்டுவிட்டுப் பாயாசத்தைக் குடித்திருக்கிறோம்.

இனி தங்கம்மாவின் கதை. இதைத்தான் நீர் கவனமாக வாசிக்க வேண்டும்.

அவன் சொல்லி முடித்தபிறகு அவா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. பிறகு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தா. "அப்ப கடப்பு கட்டித்தான் இருந்துச்சு" என்று சொன்னா. "ஒரு வருசமா நான் கட்டினேனா கட்டலையான்னு யோசிச்சு யோசிச்சு, என்னாலதான் சிவலை செத்துச்சுன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். ராத்திரி எந்திரிச்சுப் போய் முடிச்சைத் தொட்டுப் பாத்துட்டு வருவேன். நீங்க எல்லாரும் கவனமா இரு தங்கம்மா, கவனமா இரு தங்கம்மான்னு சொன்னீங்க. நானும் ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டினேன்" என்றா. விமலேஸ்வரி, அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன், நீரும் ஒருவர். அன்பாகத்தான் சொன்னோம்.

தலைவர், இனி மன்னித்து விடலாமே என்று இழுத்தார். தங்கம்மா, "அதெல்லாம் இப்ப என்கிட்ட இல்லைங்க. இருந்தா கேக்காமலே குடுப்பேன்" என்று சொன்னா. நட்ட ஈட்டைப் பெரியவர்களே பேசித் தீர்க்கட்டும், தனக்கு இரண்டு விசயம் மட்டும் எழுதிப் போட வேண்டும் என்றா. முதலாவது, கிருசாந்தன் தன் பட்டிப் பக்கத்தால் போகக் கூடாது. கறுப்பி அவன் மணம் பட்டாலே கயிற்றை அறுக்கிறதாம். அவன் குளக்கட்டால் சுற்றிப் போக வேண்டும். இரண்டாவதைச் சொல்லுமுன் என் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தா.

"இவரு ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணுகிட்டப் போறத நிப்பாட்டக் கூடாது. போலீசு கேட்டுச்சு, நீங்க கேட்டீங்க, ஊரே கேட்டுச்சு. எங்கயும் வராத பேச்சு அங்கதான் வந்திருக்கு. இன்னும் என்னென்ன உள்ள கிடக்கோ, இன்னொருத்தி மாட்டுக்கு அது நடக்கக் கூடாது."

கிருசாந்தன் இரண்டுக்கும் ஓம் என்றான். கையெழுத்து வைத்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை, தேத்தண்ணியும் தனித்தனியாகத்தான் குடித்தார்கள். தலைவருக்கு மனம் நிறையவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு நிறைந்திருந்தது.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது தங்கம்மா என்னிடம் வந்து, "மாஸ்டர், டீச்சரம்மா எப்ப வர்றாங்க? பேத்திக்குத் தலைமுடி இருக்கா?" என்று கேட்டா. நீர் தன் முகத்தில் முழிக்கக் கூடாது என்ற எண்ணமே அந்த மனிசிக்கு இல்லை. நீர் பயந்த விசயம் உமக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். தேனுகா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி மறித்தாள். "அப்பா, இணக்கசபையில நடந்தது எனக்கு வேண்டாம். சொல்ல வேண்டியவை சொல்ல விரும்பினா வந்து சொல்லுவினம். நீங்கள் முந்திச் சொன்னா அவையின்ர கதையை நீங்கள் களவெடுத்த மாதிரி" என்று சொன்னாள். என்னைப் பேசாமல் இருக்கச் செய்ய எங்கள் வீட்டில் உம்மால் மட்டும்தான் முடியும் என்று இருந்தேன். ஆகவே அவளைப் பற்றிய பெருமையை அவளிடமே சொல்ல முடியாமல் நேற்று இரவு முழுக்க வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று காலையில் பிரியந்தினி பொதி கேட்டு ஆள் அனுப்பினாள். இருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். ஊர் இதை எப்படியும் உமக்குச் சொல்லும். ராஜினி சொல்லும்போது பாதி குறையும், பாதி கூடும். அதற்கு முன் என் கையால் உமக்கு வந்து சேர வேண்டும்.

ஒன்றை எழுதுவதா விடுவதா என்று கன நேரம் யோசித்தேன். உம்முடைய கோபம் சிவலையைப் பற்றியது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். காணாமல் போன எங்கள் மகன் நிரோஜனுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவன் எங்கேயோ ஒருவன் இருக்கிறான். அவனும் யாருக்கோ முன்னால் ஒரு கதிரையில் இருந்து, பாவம் என்று தடவிக் கொடுக்கப்பட்டு, நன்றாகச் சாப்பிட்டு, நித்திரை கொள்வானோ என்று உமக்கு நினைவு வருகிறது. எனக்கும் வருகிறது. அந்த நினைவோடு நேற்று மண்டபத்தில் இருந்த நான் வேறொன்றையும் நினைத்தேன். அவனுக்கு முன்னால் யாராவது ஒரு பிள்ளை, அசையாமல் இருந்து, அதுக்கு முதல் என்ன நடந்தது, அதுக்கு முதல் என்ன நடந்தது என்று கேட்கட்டும். அவன் தப்பிப் போக இரண்டு வழியையும் அடைத்துக்கொண்டு கேட்கட்டும். தங்கம்மாவுக்கு நேற்றுக் கிடைத்தது எங்களுக்கும் ஒரு நாள் கிடைக்க வேண்டுமென்றால், எங்கேயோ ஒரு தாய் தன் பிள்ளையை அந்த வேலைக்கு விட வேண்டும்.

நான் உம்மிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிருசாந்தனை நல்லவன் என்று நினைக்கச் சொல்லவில்லை, அவன் நல்லவனோ என்று எனக்கும் தெரியாது. தேனுகாவிடம் மன்னிப்பு, விளக்கம் ஒன்றும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டாம், அவளுக்கு அது பிடிக்காது. இங்கு விடியும் நேரம் உமக்கு அங்கே பின்னேரம். ஒரு நாள் அவள் வேலைக்கு வெளிக்கிடும் நேரமாகப் பார்த்து போன் எடும். சாப்பிட்டியா என்று கேளும். சாப்பிட்டன் என்று பொய் சொல்வாள், பரவாயில்லை. இண்டைக்கும் ஆஸ்பத்திரிக்கோ என்று கேளும். ஓம் என்பாள். "சரி பிள்ளை, கவனமாப் போய்ட்டு வா" என்று சொல்லும். அவ்வளவு போதும். இங்கு நான் தினமும் படலையில் நின்று அதைச் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொண்டுதான் போகிறாள், ஆனால் இன்னும் ஒரு குரல் வரவேண்டும் என்பது போலப் படலையைச் சாத்தாமல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுகிறாள்.

சின்னவளின் நெற்றியில் எனக்காக ஒரு முறை கை வையும். எங்கள் பிள்ளைகள் எந்த ஊரில், யார் முன்னால் இருந்தாலும் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உமது அன்புள்ள
வீரகத்தி